அலமாரியில் இடமில்லாத பாட்டு

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு நிதானமாகப் பேசலாம்.

பாடகியின் பெயர் வஷ்டி பன்யன்.

ஆயிற்றா? என் மனைவியும் சிரித்தாள். ''வேஷ்டி பனியனா? ஆடித் தள்ளுபடியில என்ன விலையாம்?'' என்றாள். பக்கத்து ஃப்ளாட் ரிடையர்டு தாசில்தார் இன்னும் ஒரு படி மேலே போய், ''துண்டு ஃப்ரீயா சார்?'' என்றார். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஒரு பாடகியை அறிமுகப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

உண்மையில் இரண்டுமே நமக்கு ரொம்பத் தூரத்துப் பெயர்கள் இல்லை. பைபிளில் எஸ்தர் கதை படித்தவர்களுக்கு வஷ்டி ராணியைத் தெரிந்திருக்கும். தமிழ் பைபிளில் வஸ்தி. ராஜா பெரிய விருந்து வைத்து, ''என் ராணியின் அழகை எல்லோரும் பார்க்கட்டும், வரச் சொல்'' என்று ஆள் அனுப்பியபோது, ''வர முடியாது'' என்று சொல்லிப் பட்டத்தை இழந்தவள். பன்யன் என்றால் ஜான் பன்யன். அவர் எழுதிய யாத்திரைக் கதையைத்தான் நம் திருநெல்வேலிச் சீமை கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாகப் பாடி 1894-ல் வெளியிட்டார். கூப்பிட்டால் வராத ராணி ஒரு பக்கம், கால்நடையாக யாத்திரை போகிறவன் ஒரு பக்கம். பெயரிலேயே பாதிக் கதை வந்துவிட்டது. மீதியைச் சொல்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் என் பெண், போன வருஷம் வந்திருந்தபோது என் செல்போனில் ஏதோ ஒரு பாட்டு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ''அப்பா, நீ ஒரு பாட்டுப் போட்டாப் போதும். அது முடிஞ்சதும் உனக்குப் பிடிச்ச மாதிரி அடுத்தது தானா வரும்'' என்றாள். கல்யாண வீட்டில் சாம்பார் கேட்டால் ரசம், மோர் எல்லாம் பின்னாலேயே வருமே, அதுபோல. நான் காலேஜ் நாளில் கேட்ட ஒரு சைமன் - கார்ஃபங்கல் பாட்டைப் போட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. அரைத் தூக்கம்.

நாலாவதோ ஐந்தாவதோ ஒரு பாட்டில் கண்ணைத் திறந்துவிட்டேன்.

குரல் என்று சொல்வதற்கே யோசனையாக இருந்தது. அவ்வளவு மெல்லிசு. குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு, அது விழித்துக்கொள்ளக் கூடாதே என்று அடுத்த அறையிலிருந்து ஒரு தாய் தனக்குத் தானே பாடிக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு குரல். கூட ஒரு கிட்டார், ஒரு புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். 'இங்கே பார், எப்படிப் பாடுகிறேன்' என்கிற பாவனை துளிக்கூட இல்லை. உழவு, விதை, புல் என்று வயல்வெளிக் காரியங்களை எண்ணிக்கொண்டே போகிற பாட்டு. இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. நான் முதல்தடவையாக அந்த ஆப்பில் பின்னால் போகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆல்பம் முழுவதையும் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. ஆல்பத்தின் பெயர் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே'. மொத்தம் 14 பாட்டு. 1970 டிசம்பரில் லண்டனில் வந்தது. எத்தனை பிரதி விற்றது தெரியுமா? சில நூறு. நம் ஊரில் பேரனுக்குக் காதுகுத்து என்று அடிக்கிற பத்திரிகைகூட அதைவிட அதிகம் இருக்கும்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு நன்றாக இருந்தால் சமையற்காரர் யார் என்று விசாரிப்பேன். விசாரித்தேன்.

பிறந்தது 1945-ல். ஆக்ஸ்ஃபோர்டில் படம் வரையப் படிக்கிற கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படம் வரையாமல் கிட்டாரை வைத்துக்கொண்டு பாட்டு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியே அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வயசில் நியூயார்க் போனவர், அங்கே பாப் டிலனின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டார். இனிமேல் பாட்டுதான் என்று முடிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார். ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் மேனேஜரான ஆண்ட்ரூ லூக் ஓல்டாம் கண்ணில் பட்டார். 1965-ல் முதல் இசைத்தட்டு வந்தது. முன்பக்கத்துப் பாட்டை எழுதியவர்கள் சாட்சாத் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும். பின்பக்கம் இவர் சொந்தமாக எழுதியது. இளையராஜா மெட்டில் முதல் பாட்டுப் பாட வாய்ப்பு வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஓடவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு இசைத்தட்டு. அதுவும் ஓடவில்லை. அதற்கப்புறம் பதிவு செய்தவை கம்பெனி அலமாரியிலேயே தங்கிவிட்டன.

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? பேங்க் பரீட்சை எழுதுவோம். வஷ்டி பன்யன் ஒரு குதிரை வண்டி வாங்கினார்.

1968-ல் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவிய மாணவருடன் லண்டன் பக்கத்திலிருந்து புறப்பட்டார். போக வேண்டிய இடம், ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிற ஸ்கை தீவு. அந்தப் பக்கத்தில் டோனவன் என்ற பாடகர் சில தீவுகளை வாங்கி, கலைஞர்கள் எல்லாம் கூடி வாழலாம் என்று சொல்லியிருந்தார். (இதே டோனவன் அதே 1968-ல் பீட்டில்ஸோடு ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் செய்துகொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.) குதிரையும் வண்டியும் வாங்கப் பணம் கடன் கொடுத்தவரும் அவர்தான்.

குதிரையின் பெயர் பெஸ். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில், சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி மதுரை தாண்டுகிற வரைக்கும். பெஸ் எப்போது நடக்குமோ அப்போது பயணம். அது புல் மேய்ந்தால் இவர்களுக்கும் ஓய்வு. ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் பாட்டு. குதிரைக்கு ஒரு பாட்டு, மின்மினிக்கு ஒரு பாட்டு, தூக்கணாங்குருவிக்குச் சொந்தம் போலத் தோன்றும் ஒரு வலசைக் குருவிக்கு ஒரு பாட்டு. அல்லிக்குளத்தைப் பற்றிய பாட்டுக்குத் தனி மெட்டுக்கூடத் தேடவில்லை. நம் எல்.கே.ஜி. குழந்தைகள் பாடுகிற 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டிலேயே பாடிவிட்டார். கேட்டால் சிரிப்பு வராது. அதுதான் ஆச்சரியம்.

போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. கூடி வாழ்வதாகச் சொன்ன கூட்டமும் கலைந்துவிட்டிருந்தது.

'கும்பகோணத்துக்குப் போனேன், சொன்ன ஆள் ஊரிலேயே இல்லை' என்று புலம்புவோமே, அதன் உச்சகட்டம். ஆனால் வழியில் எழுதிய பாட்டுகள் கையில் இருந்தன. நடுவில் லண்டன் வந்திருந்தபோது ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளர் அவற்றைக் கேட்டு, ''நான் பதிவு செய்கிறேன்'' என்று சொல்லியிருந்தார். சொன்னபடி 1969 கடைசியில் லண்டனில் செல்ஸீ பகுதியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. டேவ் ஸ்வார்ப்ரிக், சைமன் நிகோல், ராபின் வில்லியம்ஸன் என்று அன்றைய ஆங்கில நாட்டுப்பாடல் உலகத்தின் ஜாம்பவான்கள் வந்து வாசித்தார்கள். சில பாட்டுகளுக்கு வயலின் வகையறா வாத்தியங்களை அமைத்தவர் ராபர்ட் கர்பி.

ஒரு வருஷம் கழித்து ஃபிலிப்ஸ் கம்பெனி வெளியிட்டது. அதற்குள் இவர் கையில் கைக்குழந்தை. யாரும் வாங்கவில்லை. திட்டினார்கள் என்றாலும் பரவாயில்லை, ஏதோ சொன்னார்கள் என்று இருக்கும். பெரும்பாலும் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். பாட்டை அடியோடு விட்டுவிட்டார். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, மறுபடி ஸ்காட்லாந்து என்று குழந்தைகள், ஆடு, மாடு, குதிரையோடு முப்பது வருஷம் போயிற்று.

இங்கே நான் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த ஆல்பத்தைக் கேட்டு நான் ராத்திரி தூங்காமல் புரண்டதற்கு வஷ்டி பன்யன் மட்டும் காரணம் இல்லை.

எங்கள் ஆபீஸில் அவருக்குப் 'பாகவதர்' என்று பெயர். என்னைவிட மூன்று வயசு பெரியவர். அப்பர் டிவிஷன் கிளார்க். ஃபைலில் நோட் எழுதிக்கொண்டே இருப்பார், திடீரென்று பேனா நின்றுவிடும். உதடு மட்டும் அசையும். அப்புறம் ஒரு பழைய ஆபீஸ் கவரின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி டிராயருக்குள் போடுவார். சொந்தமாகப் பாட்டு எழுதி, ஹார்மோனியத்தில் சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தமாகப் பாடுவார். சாமி பாட்டு இல்லை. காதல் பாட்டும் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் ராத்திரி இரண்டு மணிக்கு டீ விற்கிற பையனைப் பற்றி ஒரு பாட்டு. அவர் அம்மாவின் ஆட்டுக்கல்லைப் பற்றி ஒன்று. ரேஷன் க்யூவில் பின்னால் நிற்கிற கிழவியைப் பற்றி ஒன்று. மாற்றலாகிப் போகிற சிநேகிதனைப் பற்றி ஒன்று. அந்தக் கடைசிப் பாட்டை என் மாற்றல் உத்தரவு வந்த அன்று கான்டீனில் பாடினார். நான் கைகழுவப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

1989-ல் பி.எஃப்.பில் லோன் போட்டு வடபழனியில் மூன்று மணி நேரம் ஸ்டூடியோ எடுத்தார். ஒரு தபலா, ஒரு வயலின், இவர் ஹார்மோனியம். எட்டுப் பாட்டு. பிரதி எடுக்கக் காசு மிச்சமில்லை. துபாயிலிருந்து வந்த எதிர்வீட்டுக்காரரின் இரட்டை டெக் டேப்ரிகார்டரை இரவல் வாங்கி, வீட்டிலேயே இருநூறு கேசட் பதிந்தார்கள். அட்டை மட்டும் அச்சகத்தில் அடித்தது.

பத்து கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். நானும் கூட இருந்தேன்.

''சினிமாவா?''

''இல்லீங்க.''

''பக்தியா?''

''இல்லீங்க.''

''கர்னாடிக்கா?''

''இது... நானே எழுதினதுங்க.''

''அது சரி சார். நான் எந்த ரேக்ல வைக்கிறது?''

கடைக்காரர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடையில் மூன்று ரேக்தான் இருந்தது. மூன்று மாசம் கழித்துப் பத்தையும் தூசி தட்டித் திருப்பிக் கொடுத்தார். அவற்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில், காலி கேசட்டுகளோடு வைத்திருந்தார்.

ஆபீஸில் சம்பள நாள் பார்த்து நாற்பத்தொன்று விற்றது. நான் இரண்டு வாங்கினேன். கொஞ்சம் சொந்தக்காரர்களுக்கு இனாமாகப் போயிற்று. ஒருநாள் மாமா முறை உள்ள ஒருவர் வீட்டுக்குப் போனபோது இவர் கேசட் டேப்ரிகார்டருக்குள் இருந்ததாம். பாகவதருக்கு ஏக சந்தோஷம். பையன் பட்டனைத் தட்டினான். 'அஞ்சலி' படப் பாட்டு வந்தது. இவர் பாட்டை அழித்துவிட்டு அதன்மேல் பதிந்திருக்கிறார்கள். அட்டையில் மட்டும் பாகவதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீஸில் இதை ஜோக் மாதிரிதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அதற்கப்புறம் டிராயரில் கவர் எதுவும் சேரவில்லை. ஹார்மோனியம் பரணுக்குப் போயிற்று. ரிடையர்மெண்ட் பார்ட்டியில் எல்லோரும் சேர்ந்து ''பாகவதர் ஒரு பாட்டு!'' என்று கத்தினோம். ''தொண்டை சரியில்லை'' என்றார்.

வஷ்டி பன்யனுக்கும் இதே ரேக் தகராறுதான். பாப் பாடகியாக வர ஆசைப்பட்டவர் அவர். தன்னை நாட்டுப்பாடல் பாடகி என்று சொன்னால் இன்றுவரைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இசைத்தட்டில் வாசித்தவர்கள் நாட்டுப்பாடல்காரர்கள். குதிரை வண்டி, வயல், குருவி என்று இருப்பதால் கேட்கிறவன் அதை அந்த ரேக்கில் கொண்டுபோய் வைப்பான். நாட்டுப்பாடல் பிரியர்களோ, 'இதில் பாட்டி காலத்துப் பாட்டு ஒன்றுகூட இல்லையே, எல்லாம் இந்தப் பெண் எழுதியது' என்பார்கள். ஆக அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பாட்டு மோசம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் பாடியவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அவர் காதில் விழுந்தது வெறும் நிசப்தம்.

அதே ஜோ பாய்ட் தயாரித்த இன்னொரு பையன் நிக் ட்ரேக். சேர்ந்து பாட்டு எழுதிப் பாருங்கள் என்று வஷ்டியை அவனிடம் அனுப்பிப் பார்த்தாராம். இருவரும் சங்கோஜப் பேர்வழிகள். ஒரு பாட்டும் பிறக்கவில்லை. நிக் ட்ரேக்கின் மூன்று ஆல்பங்களும் அவன் இருந்தவரை விற்கவில்லை. 1974-ல், 26 வயசில் போய்ச் சேர்ந்துவிட்டான். 1999-ல் ஒரு கார் விளம்பரத்தில் அவன் பாட்டைப் போட்டார்கள். அதற்கப்புறம் உலகமே வாங்கிற்று. அவனுக்கு யார் போய்ச் சொல்வது?

வஷ்டி இருந்தார். அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

1997-ல் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. இன்டர்நெட்டில் எல்லோரும் முதலில் என்ன தேடுவார்களோ அதையே அவரும் தேடினார். தன் பெயரை. அவருக்குத் தெரியாமலேயே எங்கெங்கோ இருக்கிறவர்கள் அந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய பிரதிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். (பிற்பாடு முதல் பதிப்பு இசைத்தட்டு ஒன்று ஆயிரம் பவுண்டுக்கு மேல் போயிற்று.) 2000-ல் குறுந்தகடாக மறுபடி வந்தது. இந்தத் தடவை கடையில் ரேக் பிரச்னை இல்லை. தேடுகிறவன் வீட்டுக்கே நேராகப் போகிற காலம் வந்துவிட்டிருந்தது.

அமெரிக்காவில் டெவெந்த்ரா பன்ஹார்ட் என்று ஒரு இளம் பாடகர். அவரை அப்போது யாருக்கும் தெரியாது. 'நான் தொடர்ந்து பாடலாமா?' என்று யோசனை கேட்டு இவருக்குக் கடிதம் எழுதினார். எப்படி இருக்கிறது பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், 'பாடு அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் நிறுத்திவிட்டவரிடம் போய்க் கேட்கிறார். இவர், பாடு என்று சொன்னார். 2004-ல் அந்தப் பையனின் ஆல்பத்தில் இவரும் கூடச் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார். அடுத்த வருஷம், 2005-ல், தன்னுடைய இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டார். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி 35 வருஷம். அந்த இடைவெளியில் நம் ஊரில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து, ரிடையராகி, பென்ஷனும் வாங்க ஆரம்பித்துவிடலாம்.

மூன்றாவது ஆல்பம் 2014-ல். அதைப் பெரும்பாலும் வீட்டிலேயே உட்கார்ந்து தானே பதிவு செய்தார். அவருக்குப் பியானோவில் இரண்டு கையும் சேர்த்து வாசிக்க வராது. அதனால் முதலில் ஒரு கையால் வாசித்துப் பதிந்துகொள்வார். அப்புறம் இன்னொரு கை பாகத்தை வாசித்து அதோடு சேர்ப்பார். இப்படியே வருஷக்கணக்காக. அதுதான் தன் கடைசி ஆல்பம் என்றும் சொல்லிவிட்டார். 2022-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

இந்த ஒற்றைக் கை விஷயத்தைப் படித்த மறுநாள் காலை நான் குரோம்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

பாகவதருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் லேசாகப் பக்கவாதம் வந்து, பேச்சு தேறிவிட்டது, இடது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. வாசலில் பேப்பரை ஒரு கையால் மடிக்கிற வித்தையைப் பழகிக்கொண்டிருந்தார்.

''வாய்யா. என்ன திடீர்னு? யாருக்குக் கல்யாணம்?''

''கல்யாணம் இல்லே பாகவதரே. ஒரு பாட்டு கேக்கணும் நீங்க.''

''எனக்குப் பாட்டெல்லாம் விட்டுப்போச்சுய்யா.''

''ரெண்டு நிமிஷம்தான். காபி வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.''

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், ''இன்னொரு வாட்டி'' என்றார். அப்புறம் அடுத்தது. அதற்கடுத்தது. காபி வந்து ஆறிக்கொண்டிருந்தது. நடுநடுவே நான் கதையைச் சொன்னேன். குதிரை பெயர் பெஸ் என்றதும் சிரித்தார். சில நூறுதான் விற்றது என்றதும், ''பரவாயில்லையே, என்னைவிட ஜாஸ்தி'' என்றார். 35 வருஷம் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

சமையலறை வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியாது.

''நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு. ஆனா தம்பி, அந்த விழுப்புரம் பாட்டு இதுக்கு மேல'' என்றார்கள்.

பாகவதர் திரும்பிப் பார்த்தார். ''எந்த விழுப்புரம் பாட்டு?''

''நீங்க எழுதினதுதான். வேற யாரு எழுதினா?''

''அது உனக்கு ஞாபகம் இருக்கா?''

''நல்லாக் கேட்டீங்க! இருநூறு கேசட்டையும் யார் பதிஞ்சது? நீங்க காலைல ஆபீஸ் போயிடுவீங்க. ஒரு கேசட் போட்டுட்டு நான் உலை வைப்பேன், அது முடியறதுக்குள்ள குழம்பு கொதிக்கும். அடுத்தது போட்டுட்டு துணி துவைப்பேன். சத்தத்தைக் குறைச்சா டேப்பு சிக்கினது தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இருநூறு வாட்டி கேட்டேன். எட்டுப் பாட்டும் மனப்பாடம். அந்த டீக்காரப் பையன் பாட்டு வந்தா மட்டும் அடுப்பைத் தணிச்சுட்டு வந்து உக்காந்துப்பேன்.''

''சொல்லவே இல்லையே நீ?''

''நீங்க கேக்கவே இல்லையே?''

கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்கள். கடை, ஆபீஸ், மாமா வீடு என்று ஊரெல்லாம் ரசிகரைத் தேடிக்கொண்டு ஒருவர் அலைந்திருக்கிறார். எட்டுப் பாட்டும் தெரிந்த ஒரே ரசிகை வீட்டில் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கணவர் பாட்டு எழுதுவது ஒரு காரியம், குக்கர் வைப்பது ஒரு காரியம். பாராட்டுவது என்று ஒரு காரியம் இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பெரும்பாலான வீடுகளில் தோன்றுவதில்லை. ''உப்பு கம்மி'' என்று சொல்லத்தான் நமக்கு வாய் இருக்கிறது. சரியாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அதையே நாம் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். ''ஹார்மோனியம் எங்கே?''

''பரண்ல. அதெல்லாம் எலி தின்னிருக்கும்யா. தின்னாட்டியும் எப்படி வாசிக்கிறது? ஒரு கையால கட்டையை அமுக்கினா துருத்தியை யார் போடறது?''

நான் பியானோ கதையைச் சொன்னேன். முதலில் ஒரு கை, அப்புறம் ஒரு கை.

''அது பியானோ. இதுல காத்து வரலேன்னா சத்தமே வராது'' என்றார். ஆட்சேபணை சரிதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ''தம்பி, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க'' என்று பரணைப் பார்த்து நடந்தார்கள்.

எலி தின்னவில்லை. துருத்தியில் இரண்டு இடத்தில் கிழிசல். பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம். மூன்று கட்டைகள் அமுக்கினால் எழுந்திருக்கவில்லை. பாகவதர் இந்தப் பக்கம் உட்கார்ந்து வலது கையை வைத்தார். அண்ணி அந்தப் பக்கம் உட்கார்ந்து துருத்தி போட்டார்கள். முதல் சத்தம் ஒரு பழைய பஸ் ஹாரன் மாதிரி வந்தது.

''மெதுவா, மெதுவா! அடுப்பு ஊதறியா நீ?''

''சொல்லிக் குடுத்தாத்தானே தெரியும்?''

இப்போது வாரா வாரம் வியாழக்கிழமை போகிறேன். என் வேலை செல்போனைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்வது. விழுப்புரம் பாட்டு பதிந்தாகிவிட்டது. பின்னணியில் அண்ணி துருத்தி போடுகிறபோது கண்ணாடி வளையல் சத்தம் சலசலவென்று கேட்கிறது. பாகவதர், ''அதைக் கழட்டி வெச்சுட்டுப் போடேன், ரிகார்டிங் கெட்டுப்போகுது'' என்றார். அண்ணி, ''கழட்ட முடியாது'' என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கேட்கக் கேட்க, தாளத்துக்கு அதுவும் சேர்த்திதான் என்று தோன்றுகிறது.

ஆட்டுக்கல் பாட்டைத்தான் அடுத்து எடுப்போம் என்று நினைத்திருந்தேன். போன வாரம் பாகவதர், ''அது கிடக்கட்டும், புதுசா ஒண்ணு பாதியில நிக்குதுய்யா'' என்று ஒரு காகிதத்தை எடுத்தார். மின்சார பில்லின் பின்பக்கம். பல்லவியும் ஒரு சரணமும் எழுதியிருந்தார். இரண்டாவது சரணம் வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார்.

பல்லவியைப் பாடிக் காட்டினார். இந்தத் தடவை நான் கைகழுவ எழுந்து போகவில்லை. ''பிரமாதம் பாகவதரே'' என்று வாய் விட்டுச் சொன்னேன். அண்ணியும் சொன்னார்கள்.

''மூணாவது வரி இழுக்குது. சரி பண்ணணும்'' என்றார் பாகவதர், காதில் வாங்காத மாதிரி. ஆனால் காபி கொண்டுவரச் சொன்ன குரலில் ஒரு கட்டை சுருதி ஏறியிருந்தது.